ஈஸ்ட் போடாத அப்பம்

இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஏதோ கருகி ஒட்டியிருந்தது. அலுவலகத்துக்குக் கட்ட எடுத்து வைத்த சந்தன நிறப் புடவையில் பழுப்பாய் ஒரு கோடு விழுந்த பிறகுதான் ரீட்டா கவனித்தாள். நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தாள். கோதுமை மாவு.

"என்னாங்க இது?"

அடுப்படியிலிருந்து இன்னாசிராஜ் எட்டிப் பார்த்தான். "அதுவா? பாப்பா நேத்து அப்பம் சுட்டா. ஈஸ்ட் போட்டது, போடாதது. கல்லுல மெல்லிசா வரல. பொட்டில அழுத்துனோம், சூப்பரா வந்துச்சு."

"துணி தேய்க்கிற பொட்டியில எவனாச்சும் அப்பம் சுடுவானா?"

"பட்டர் பேப்பர் வெச்சுதான் ரீட்டா."

சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் இன்னாசிராஜ். வேலையை விட்டுவிட்டு மகள் ஜோவிட்டாவுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறான். எதையும் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவன் கொள்கை. அது வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து எந்தப் பொருளும் அதன் வேலையைச் செய்வதில்லை. குக்கர் வெயிட் நூலில் கட்டப்பட்டு ஜன்னலில் ஊசலாடும். டிபன் பாக்ஸில் தலைப்பிரட்டை நீந்தும். தயிருக்குள் தெர்மாமீட்டர் நிற்கும். பெண் எதையும் மனப்பாடம் செய்யாவிட்டாலும் கேட்டதற்கு யோசித்துப் பதில் சொல்கிறாள் என்பதை ரீட்டாவும் மறுக்கமாட்டாள். ஆனால் மஞ்சக்குப்பத்து அலுவலகத்திலும் கோயில் வாசலிலும், "பொண்ணு எந்த ஸ்கூலு?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

போன் அடித்தது. சிஸ்டர் ஞானமேரி. புதுநன்மை வாங்கப்போகும், அதாவது பூசையில் தரும் அப்பமான நற்கருணையை முதன்முதலாக வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பவர்.

"உங்க பொண்ணு நேத்து கிளாஸ்ல பசங்கள வரிசையா நிக்கவெச்சு, பூசையில சாமியார் குடுக்குற மாதிரி அப்பம் குடுத்திருக்கா. ஒருத்தன் கண்ண மூடிக்கிட்டு ஆமென்னு வேற சொல்லியிருக்கான். சாயங்காலம் கூட்டியாங்க. ஞாயித்துக்கெழம இவள நன்மை வாங்க விடலாமான்னு எனக்கு யோசனையா இருக்கு."

ரீட்டா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைக் கவுன் தைத்து வந்தாயிற்று. ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்திய ஞானத்தகப்பன், ரீட்டாவின் அண்ணன் ராபர்ட், பாண்டிச்சேரியிலிருந்து குடும்பத்தோடு வருகிறான். அதெல்லாம்கூடப் போகட்டும். மற்ற பிள்ளைகள் எழுந்து வரிசையில் போக, இவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். கோயிலே திரும்பிப் பார்க்கும். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத வீட்டுப் பிள்ளை வேறெப்படி இருக்கும் என்று பேசிக்கொள்வார்கள்.

"நீங்க வந்து பேசுங்க."

"நான் வந்தா வாக்குவாதம் ஆயிடும் ரீட்டா."

"இது ஒண்ண மட்டும் செஞ்சு பாக்காமயே தெரிஞ்சு வெச்சிருக்கீங்க."

சாயங்காலம் ஸ்கூட்டரில் போகும்போதே ரீட்டா சொல்லிக்கொடுத்தாள். "நற்கருணைன்னா என்னான்னு கேப்பாங்க. கிறிஸ்துவின் உடல்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசக்கூடாது."

"சரிம்மா." கொஞ்ச தூரம் போனதும், "சாதா அப்பத்துக்கும் அதுக்கும் வித்தியாசம் எப்புடிம்மா தெரியும்?"

"நம்பணும்."

"நம்புறேம்மா. டேஸ்ட் மாறுமான்னுதான் கேக்குறேன்."

ரீட்டா ஹாரனை அழுத்தினாள். எதிரில் யாருமில்லை.

கன்னியர் மடத்தின் பின்னறையில்தான் பூசைக்கான ஈஸ்ட் போடாத அப்பம் சுடுவார்கள். சிஸ்டர் ஞானமேரி வெந்த மாவுத் தகடுகளை அடுக்கி வைத்து வட்ட வட்டமாக வெட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"என்னாடி சொல்லிக் குடுத்த பசங்களுக்கு?"

"எது புடிச்சிருக்குன்னு கேட்டேன் சிஸ்டர். நெறைய பேருக்கு ஈஸ்ட் போட்டதுதான் புடிச்சுது."

ரீட்டா மகளின் தோளை அழுத்தினாள்.

"நற்கருணைன்னா என்னா?"

"கிறிஸ்துவின் உடல்." ரீட்டா மூச்சு விட்டாள். "இத மட்டும்தான் சொல்லணும்னு அம்மா சொன்னாங்க."

சிஸ்டர் வெட்டுவதை நிறுத்தினார். பார்வை பிள்ளையிடம் போகவில்லை, ரீட்டாவின்மேல் நின்றது. பிறகுதான் குனிந்து கேட்டார். "நீ என்னா நெனக்கிற?"

"நான் இன்னும் சாப்புடலியே சிஸ்டர்."

வெட்டியது போக மீந்த ஓரத்துண்டுகளை மடத்துக்கு வரும் பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுப்பது வழக்கம். சிஸ்டர் ஒரு பிடி அள்ளி ஜோவிட்டாவின் கையில் போட்டார்.

"இது பூசையில வெக்காதது. வெறும் மாவு. தின்னு."

"சிஸ்டர், ஞாயித்துக்கெழம…"

"பூசைக்கு முன்னாடி என்கிட்ட கூட்டியாங்க. அப்ப பாத்துக்கலாம்."

"சரிங்கிறீங்களா, வேணாங்கிறீங்களா? சொந்தக்காரங்க வராங்க. பிரியாணிக்குச் சொல்லியாச்சு."

"பிரியாணி எப்புடியும் சாப்புடலாம்மா," என்று சிஸ்டர் அடுத்த தகட்டை எடுத்தார்.

வெளியே வந்து வண்டியைக் கிளப்பியபோதும் ஜோவிட்டா கையைப் பிரிக்கவில்லை.

"தின்னுத் தொலையேன்டி."

"வேணாம்மா. ஒண்ணத் தின்னுட்டேன். மிச்சம் ஞாயித்துக்கெழமைக்கு. அது வாங்குன உடனே இதத் தின்னு பாக்கணும்."

கவுன் போட்டுக்கொண்டு, ஊர் பார்க்க, பீடத்திலிருந்து திரும்பி நடக்கும்போதே கையிலிருப்பதை இவள் வாயில் போட்டுக்கொள்வாள். செய்யக்கூடியவள்தான். திட்ட வாயெடுத்த ரீட்டா சாலையைப் பார்த்தாள்.

"ரெண்டு கையாலயும் புடி. லாரி வருது."

ஒரு கை இடுப்பைச் சுற்றிக்கொண்டது. மற்றது மூடியபடியே ரீட்டாவின் வயிற்றின்மேல் வந்து அமர்ந்தது. வேகத்தடை வரும்போதெல்லாம் அந்தக் கை உள்ளேயிருப்பது நொறுங்காமல் சற்றே எழும்பி, வண்டி இறங்கியதும் மெல்லத் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. அடுத்த வேகத்தடைக்கு ரீட்டா முன்கூட்டியே பிரேக்கைப் பிடித்தாள்.