ஹார்ன் அடித்து நிறைவேற்றிய தீர்மானம்

என் கணவருக்கு இரண்டு குடும்பம். ஒன்றில் நான், இன்னொன்றில் அவருடைய பழைய கார். மூத்தவள் அவள்தான். எங்கள் கல்யாணத்துக்கு நாலு வருடம் முன்பே வந்துவிட்டாள். கல்யாணமான மறுநாளே என்னை அவளுக்குப் பின்னால் நிறுத்தி, "கொஞ்சம் தள்ளும்மா" என்றார். இருபத்தாறு வருடமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

இத்தனைக்கும் என் தொழில், தோள் வலி, இடுப்பு வலிக்காரர்களின் வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுப்பது. வாரமெல்லாம் "கனமா எதையும் தள்ளாதீங்க" என்று உபதேசம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு டன் இரும்புக்குத் தோள் கொடுப்பேன்.

பழைய கார் சங்கத்தில் மொத்தம் ஐந்து உறுப்பினர்கள். தலைவர் பல் டாக்டர். அப்புறம் கணக்கு வாத்தியார், கண்ணாடிக் கடைக்காரர், அச்சகக்காரர், கடைசியில் தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர். ஐவரும் ஓட்டுநர்கள், மனைவிமார் நாங்கள் நால்வரும் தள்ளுநர்கள். பல் டாக்டர் கல்யாணமே செய்துகொள்ளாதவர் என்பதால் அவர் காரை நாங்கள் நாலு பேரும் சேர்ந்து தள்ளுவோம்.

போன வருடம் நான் ஒரு மின்சாரக் கார் வாங்கினேன். சின்னது. கெஞ்ச வேண்டாம், கொஞ்ச வேண்டாம், பொத்தானை அழுத்தினால் கிளம்பிவிடும். முன்பு பஸ்ஸுக்குக் கால்கடுக்க நின்று ஒரு நாளைக்கு நாலு வீடு பார்ப்பேன். இப்போது ஒன்பது வீடு. அந்தக் கார் இல்லாவிட்டால் என் பிழைப்பில் பாதி போச்சு.

அது சங்கத்தின் கண்ணை உறுத்தியது. பல் டாக்டர் ஒரு தீர்மானம் எழுதினார். 'உறுப்பினர் எவர் வீட்டிலும் மின்சார வாகனம் இருத்தல் கூடாது.' அப்படி இருப்பது எங்கள் ஒரு வீட்டில்தான். பேர் போடாததுதான் பாக்கி.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுப் போடக் கை தூக்க மாட்டார்கள். அவரவர் காரில் உட்கார்ந்து ஹார்ன் அடிப்பார்கள். அடித்தால் சம்மதம், அடிக்காவிட்டால் மறுப்பு. புதுச் சட்டம் வேண்டுமானால் ஐந்து ஹார்னும் ஒலிக்க வேண்டும்.

"நான் ஹார்னைத் தொடவே மாட்டேன், போதுமா?" என்றார் என் கணவர், கூட்டத்துக்கு முந்தின நாள் சாப்பிடும்போது.

"நிஜமாவா?"

"உன் தலையில அடிச்சுச் சொல்றேன்."

நம்பினேன். இருபத்தாறு வருடம் கழித்தும் நம்புகிற ஜென்மம் நான்.

ஞாயிறு காலை, ஒரு பழைய கிடங்கின் முற்றத்தில் கூட்டம். என் மின்சாரக் காரைக் கேட் அருகே விட்டுவிட்டு, ஐந்து கார்களையும் நாங்கள் தள்ளிக்கொண்டுபோய் வரிசையில் நிறுத்தினோம். முதலில் போட்டோ. ஹெட்லைட் எரிந்தால்தான் கம்பீரம் என்று ஐந்து பேரும் பட்டப்பகலில் விளக்கைப் போட்டார்கள். போட்டோ முடிந்ததும் தலைவர் பேசினார். மின்சாரம் எப்படி மனிதனைச் சோம்பேறி ஆக்கிவிட்டது என்று ஒரு மணி நேரம். அவ்வளவு நேரமும் பத்து விளக்குகளும் எரிந்துகொண்டே இருந்தன. ஒருவர் கையும் சுவிட்சுப் பக்கம் போகவில்லை.

"தீர்மானம் வாக்குக்கு விடப்படுகிறது" என்று அறிவித்துவிட்டுத் தலைவர் தன் ஹார்னை அழுத்தினார். விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அடுத்த அழுத்தலுக்கு அதுவும் இல்லை. வாத்தியார் அழுத்தினார், ஒன்றுமில்லை. மற்றவர்களுக்கும் அதே கதி. பேட்டரி எல்லாம் படுத்துவிட்டது. ஐந்து பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாமா?" என்று எங்களைப் பார்த்தார் வாத்தியார்.

"இப்பதான் தள்ளி முடிச்சோம். மூச்சு வாங்குது" என்றார் வாத்தியார் மனைவி, படியில் உட்கார்ந்தபடி.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னிடம் வந்தார். "தங்கச்சி, உங்க வண்டியில இருந்து கொஞ்சம் கரண்ட் கிடைக்குமா? ஹார்னுக்கு மட்டும்."

"என் வண்டிய ஒழிக்கிற ஹார்னுக்கா, டாக்டர்?"

"அது கொள்கை. இது அவசரம்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எப்படியும் ஒரு ஹார்ன் குறையத்தான் போகிறது. நாலு பேர் என் மின்சாரத்தில் கூவட்டுமே, வேடிக்கை பார்க்கலாம் என்று நினைத்தேன். காரைக் கொண்டுவந்து, பானெட்டைத் திறந்து, ஜம்பர் வயரைத் தலைவர் காரில் மாட்டினேன். பாம்! வாத்தியாருக்கு மாட்டினேன். பாம்! கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு முறை அடித்தார். அச்சகக்காரர், "நல்ல கரண்டும்மா" என்று பாராட்டிவிட்டு அடித்தார்.

நாலு ஆயிற்று. நான் வயரைச் சுருட்டத் தொடங்கினேன். இவர் சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதில் மன்னர்தான், வீட்டில் தினமும் பார்க்கிறேன்.

நாலு பேரும் திரும்பி இவரையே பார்த்தார்கள். இவர் ஸ்டீயரிங்கைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏம்மா... அந்த வயரை இங்கயும் கொஞ்சம் மாட்டேன்."

"எதுக்குங்க?"

"எல்லாரும் பாக்குறாங்கம்மா."

எனக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம். மாட்டாமல் விட்டிருக்கலாம், தீர்மானம் அங்கேயே விழுந்திருக்கும். ஆனால் வயர் இல்லாததால் தப்பித்த காரும் காரா? அவராக என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். மாட்டினேன்.

பாம்.

கை தட்டினார்கள். "ஏகமனதாக நிறைவேறியது" என்றார் தலைவர். நான் வயரைக் கழற்றி, சுருட்டி, டிக்கியில் போட்டு மூடினேன். கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினேன். மற்ற மூன்று பெண்களும் படியை விட்டு எழுந்து வந்தார்கள். ஒருவர் முன் சீட்டில், இருவர் பின்னால்.

"நீங்க எங்க போறீங்க?" என்று கேட்டேன்.

"உன்கூடத்தான். எனக்கும் தோள் வலிக்குது" என்றார் வாத்தியார் மனைவி.

கேட் அருகே இவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "என்னம்மா கிளம்பிட்ட? நான் வீட்டுக்கு எப்படி வர்றது?"

"வர முடியாதேங்க. உறுப்பினர் இருக்கிற வீட்ல இந்தக் கார் இருக்கக் கூடாதுன்னு இப்பதானே ஹார்ன் அடிச்சீங்க? ரெண்டுல ஒண்ணுதான் இருக்கலாம். இது வேலைக்குப் போகுது."

திரும்பி நடந்தார். சங்கத்தை விட்டு விலகுகிறேன் என்று சொல்லத்தான் போகிறார் என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே காரை மெல்ல நகர்த்தினேன். அவர் நேரே போய்த் தன் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மற்ற நால்வரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து காரிலும் ஐந்து பேர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, பின்னால் யாராவது வந்து தள்ளுவார்கள் என்று காத்திருந்தார்கள்.