அசலூரிலிருந்து வந்த அசல்

பல் டாக்டர் தன் கடைவாய்ப் பல்லைத் தானே பிடுங்கிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பல் இருந்தது மட்டும் வேறொருவர் வாயில். அதுவரை ‘அசல்’ என்ற சொல்லுக்கு ஊரில் இரண்டு பொருள்தான். போலி இல்லாதது அசல். பக்கத்து ஊர் அசலூர். மூன்றாவது பொருள் எப்படி வந்தது என்று கடைத்தெருவில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நடந்தது இதுதான்.

டாக்டருக்குப் பல்வலி வந்து நெடுநாளாகியிருந்தது. ஊரார் பல்லையெல்லாம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பிடுங்கியவர், தன் பல் என்றதும் கிராம்புத் தைலத்தைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தார். அசலூரிலும் ஒரு பல் டாக்டர் உண்டு. ஆனால் அவருக்குக் கை நடுங்கும் என்று இவரே ஊரெல்லாம் பரப்பிவைத்திருந்ததால் அங்கே போக வழியில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை, டோக்கன் கொடுக்கும் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“டாக்டர், நீங்க வெளியில உட்கார்ந்திருக்கீங்க. கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரமா காத்திருக்கீங்க. உள்ள அனுப்பவா?”

“முறை வந்தா அனுப்பு” என்றார் டாக்டர், கையைக் கழுவியபடியே.

வந்தவருக்கு அதே வளைந்த மூக்கு, காது மடலில் அதே முடிக்கற்றை, சட்டையில் அதே இரண்டாவது பொத்தான் இல்லை. டாக்டர் இதையெல்லாம் கவனிக்கவில்லை. முகம் பார்க்கும் பழக்கம் அவருக்கு எப்போதோ போய்விட்டது. ‘ஆ’ காட்டச் சொன்னார். காட்டியதும்தான் திடுக்கிட்டார். தினமும் காலையில் கண்ணாடியில் பார்க்கிற வாய். மரத்துப்போகும் ஊசியை அந்த வாயில் போட, இவர் கன்னம் மரத்தது. அந்தக் கடைவாய்ப் பல்லைக் குறடால் ஆட்டி எடுக்க, இவர் நாக்குக்கு வழவழவென்று வெறும் ஈறு தட்டுப்பட்டது. ரத்தமும் வலியும் வந்தவருக்கே போய்ச் சேர்ந்தன. டாக்டருக்கு வந்த மகிழ்ச்சியில், பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்த மனிதரைத் தோளோடு அணைத்து, மேல்மாடியில் இருந்த தன் வீட்டிலேயே படுத்து ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பினார். அங்கேதான் வினை பிடித்தது.

டாக்டரின் மனைவி நீச்சல் பயிற்சியாளர். மதியம் ஈரத்தலையோடு வீட்டுக்கு வந்தவர், கணவர் சோபாவில் சாய்ந்திருப்பதைக் கண்டு வழக்கம்போல் சுவரிடம் பேசுவதாக நினைத்துப் பேச ஆரம்பித்தார். டாக்டருக்குக் காது கேட்கும், ஆனால் கேட்க மாட்டார். நாள் முழுக்க வாயைப் பிளந்துகொண்டிருப்பவர்களிடமே பேசிப் பழகியதில், எதிராளி பதில் சொல்லுவார் என்ற எதிர்பார்ப்பே அவருக்கு அற்றுப்போயிருந்தது. ஆனால் சோபாவில் இருந்தவர் கேட்டார். ஆழத்துக்குப் பயந்து குளத்தின் விளிம்பிலேயே நின்று அழும் சிறுமியைப் பற்றிச் சொன்னபோது கண்ணை அகல விரித்தார். குளத்து மேனேஜர் வழுக்கி விழுந்ததைச் சொன்னபோது பஞ்சோடு சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு மதியம் வாய்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே படியேறி இன்னொரு கணவர் வந்தார். அந்த அம்மாள் தொழில் பழக்கத்தில் விசில் ஊதிவிட்டார்.

“ஏங்க, இவர் யாரு?”

“பேஷண்ட்.”

“அப்ப நீங்க யாரு?”

டாக்டரால் பதில் சொல்ல முடியவில்லை. கன்னம் மரத்திருந்ததால்தான் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னார். அதனால் இல்லை என்று அவருக்கே தெரியும்.

அசலூரிலிருந்து வந்திருந்த அந்த மனிதர், தாடை வீங்கிவிட்டதால் அந்த வாரம் முழுக்க அங்கேயே தங்கினார். அவரை என்னவென்று சொல்வது என்பதில் தெருவில் பெரிய தகராறு. உரித்துவைத்த மாதிரி இருக்கிறார் என்றாள் டோக்கன் பெண். யாரை உரித்து யாரை வைத்தது என்று கேட்டுச் சண்டை வந்தது. எதிர்வீட்டுத் தமிழாசிரியர் ‘நிகருருவர்’ என்று ஒரு சொல்லைச் செய்து கொடுத்தார். பல் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தவர்களால் அதை எச்சில் தெறிக்காமல் சொல்ல முடியவில்லை. யாரோ ‘நகல்’ என்றார்கள். அதைக் கேட்ட விருந்தாளி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

இதற்கிடையில் டாக்டரும் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தார். மனைவிக்கு எதிரில் நாற்காலி போட்டு, இன்று முழுக்கக் கேட்பதென்று உட்கார்ந்தார். அந்த அம்மாள் ஆசையாக வாயைத் திறந்தார்.

“கீழ் வரிசையில காரை படிஞ்சிருக்கு” என்றார் டாக்டர்.

திறந்த வாய் மூடிக்கொண்டது. மனைவி எழுந்து விருந்தாளியின் பக்கம் போய் உட்கார்ந்தார். சொந்த வீட்டில் தான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்பது டாக்டருக்கு அன்றைக்கு உறைத்தது; பல் பிடுங்கியபோது வராத வலி அப்போது வந்தது. அந்த மனிதரை அவர் ஆட்களிடமே ஒப்படைத்துவிடுவது என்று மறுநாள் காலை அசலூருக்கு பஸ் ஏறினார்.

அந்த மனிதர் அங்கே செருப்புக்கடையில் வேலை செய்பவர், நாள் முழுக்க அடுத்தவர் காலடியில் குனிந்து வாய் திறக்காமல் இருப்பவர் என்பதைக் கடைத்தெருவில் விசாரித்துத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தது அவர் மனைவி. லாரி ஓட்டுபவர், ஆறடி உயரம்.

“வந்துட்டீங்களா? போகும்போது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா நாக்கு தேய்ஞ்சிடுமா?”

டாக்டர் வணக்கம் சொல்லி, நடந்ததை விளக்கத் தொடங்கினார். விளக்கம் ஈறுக்குப் போனது, ஈறிலிருந்து பல்லின் வேருக்கு, வேரிலிருந்து படிக்கிற காலத்துக்கு, அங்கிருந்து சுற்றிவளைத்துத் தன் மனைவிக்கு வந்து, அங்கேயே நின்றது. பொழுது சாய்ந்திருந்தது. லாரிக்காரம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க என் வீட்டுக்காரர் இல்லன்னு வணக்கம் சொன்னப்பவே தெரியும்” என்றார். “ஆனா வீட்டுல ஒரு ஆம்பளைக் குரல் கேட்டு எவ்வளவு நாளாச்சு! நிறுத்த மனசு வரல. உங்களுக்கு ஒண்ணு சொல்லவா? அவங்க பேசும்போது கண்ண மூடிக்குங்க. பல்லு தெரியாது.”

மறுநாள் அந்த அம்மாளே லாரியில் டாக்டரைக் கொண்டுவந்து விட்டார். தெருவே கூடிவிட்டது. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, அச்சு அசலாக இருக்கிறார்களே, இதில் அச்சு யார், அசல் யார் என்று கூட்டம் கேட்டது. இரண்டு பேரும் அசல் நான்தான் என்றார்கள். டாக்டரின் மனைவி விசில் ஊதி அமைதிப்படுத்தினார்.

“எங்க வீட்டுக்காரர் அசல். இவர் அசலூர், அதனால இவரும் அசல். போய் அவங்கவங்க வேலையப் பாருங்க.”

அன்று மாலை டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி அந்தக் குளத்து விளிம்புச் சிறுமியில் ஆரம்பித்துப் பேசினார், கொஞ்ச நேரத்தில் இவர் தூங்கிவிட்டார் என்று நினைத்து நிறுத்தினார்.

“அந்தப் பொண்ணு அப்புறம் குதிச்சாளா?” என்று கேட்டார் டாக்டர், கண்ணைத் திறக்காமல்.

அந்த அம்மாள் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். “குதிச்சா” என்றார். “தண்ணியெல்லாம் என் மேலதான்.”

செருப்புக்கடைக்காரர் லாரியில் ஊர் திரும்பினார். விடுமுறைகளில் இரண்டு குடும்பமும் ஒன்றுகூடும். டாக்டர் பேச லாரிக்காரம்மா கேட்பார். நீச்சல்காரம்மா பேச செருப்புக்கடைக்காரர் கேட்பார். மிச்ச நாட்களை அவரவர் வீட்டில் கண்ணை மூடிச் சமாளித்தார்கள். அதற்கப்புறம் பேக்கரிக்காரருக்கு ஒரு அசல் வந்தது, வாடகை வசூலிப்பவருக்கு ஒன்று வந்தது. தெருவில் ஆளைப் பார்த்தால் ‘அசலா, அசலா?’ என்று கேட்பதும், ‘அசல்தான்’ என்று பதில் வருவதும், கேட்டவர் திருப்தியோடு நகர்வதும் வழக்கமாகிவிட்டது.

போன மழைக்காலத்தில் நீச்சல் குளத்துக்குக் கழுத்தில் விசிலோடு ஒருவர் ஈரத்தலையாக வந்து நின்றார். டாக்டரின் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ஆழமில்லாத பக்கம் உங்களுது” என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் குதித்தார்.