அந்தோணியாருக்கு நேராத முடி

ஒரு பெண்ணின் பத்து விரல்களைப் பார்த்து நான் வயிறெரிந்திருக்கிறேன். அழகைப் பார்த்தோ நகையைப் பார்த்தோ எரிந்திருந்தால்கூட நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். விரலைப் பார்த்து எரிந்தேன் என்றால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், நடந்தது அதுதான்.

அவள் பெயர் ரோசலின். என் வீட்டுக்காரர் மார்க்கஸின் தங்கை. ஐம்பத்தாறாம் வருஷம் ஜூன் மாதம், இலங்கையில் புத்தளத்துப் பக்கமிருந்து மூன்று மாத விசாவில் பாம்பனுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னைவிட நாலு வயது சின்னவள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், பிள்ளை கிடையாது.

மார்க்கஸுக்குத் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ஓடுகிற கப்பலில் கரி அள்ளிப் போடுகிற வேலை. அவர்களுடைய முன்னோரைப் போர்த்துக்கீசன் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து இலங்கையில் இறக்கினார்களாம். அங்கே காப்பிரி என்பார்கள். என் அய்யா சூசைமுத்து தனுஷ்கோடிக்குக் கருவாடு கொண்டுபோகும்போது நானும் கூடப் போவேன். அங்கே மார்க்கஸைப் பார்த்து, மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து அடம்பிடித்துக் கட்டிக்கொண்டேன். ஊர் ஒரு வருஷம் பேசியது. பேசி ஓய்ந்த நேரத்தில் பிலோமி பிறந்தாள். ரோசலின் வந்தபோது அவளுக்கு மூன்று வயது.

பிலோமிக்கு நிறம் என்னுடையது, கண் என்னுடையது, கோபமும் என்னுடையதுதான். தலைமுடி மட்டும் முழுக்க அப்பன் வீட்டுச் சொத்து. ஒவ்வொரு மயிரும் தன்பாட்டுக்குச் சுருண்டு பக்கத்து மயிரைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே விரலை விட்டால் லேசில் வெளியே வராது. முதல் மொட்டை போட வேண்டிய வயதில் அம்மை போட்டுவிட்டது. மொட்டை தள்ளிப்போய் அப்படியே நின்றுவிட்டது.

எனக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற நேர்முடி. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. என் முடிக்கு என்ன செய்வேனோ அதையேதான் பிள்ளைக்கும் செய்தேன். சனிக்கிழமை சீயக்காய் போட்டுத் தேய்ப்பது, வெயிலில் நிறுத்திக் காயவைப்பது, நன்றாகக் காய்ந்த பிறகு உச்சியில் சீப்பை வைத்துக் கீழே இழுப்பது. பக்கத்து வீட்டு பூமயில் வந்து காலைப் பிடித்துக்கொள்வாள். பிலோமி போடுகிற சத்தம் பாலத்தைத் தாண்டிக் கேட்கும். ஒருநாள் பொறுமை போய் அந்தச் சீப்பாலேயே முதுகில் ஒன்று வைத்தேன். அதற்குப் பிறகு சீப்பை எடுத்தாலே பிள்ளை வலைக் குவியலுக்குப் பின்னால் ஓடிவிடும்.

ரோசலின் வந்த மூன்றாம் நாள் சனிக்கிழமை. அவள் முற்றத்தில் நின்று எங்கள் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே தலைதான். ஆனால் மண்டையோடு ஒட்டி வரிவரியாகப் பின்னி, ஒரு பிசிறு வெளியே தெரியாமல் இருந்தது.

"நான் ஒருக்காப் பாக்கட்டா மச்சாள்?" என்று கேட்டாள். இலங்கையில் அண்ணன் பெண்டாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

"பாரேன். கடிச்சு வைக்கப் போறா" என்றேன். கடிக்கட்டும் என்றுதான் மனதுக்குள் நினைத்தேன்.

அவள் ஒரு தேங்காய் கேட்டு வாங்கித் துருவிப் பால் பிழிந்தாள். பிள்ளையின் தலையை நனைத்து, அந்த ஈரத்தின் மேலேயே பாலைத் தடவினாள். முடியை நாலு பங்காகப் பிரித்துத் துணிக்கிழிசலால் கட்டினாள். சீப்பைத் தொடவே இல்லை. விரல்தான். அதுவும் உச்சியிலிருந்து இல்லை, நுனியிலிருந்து. நுனியில் ஒரு விரற்கடை சிக்கை எடுத்துவிட்டு அதற்கு மேலே ஒரு விரற்கடை. இழுப்பு மண்டைக்குப் போகாதபடி இடது கையால் அடிமுடியைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ அவர்கள் ஊர்ப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பாதித் தலை முடிவதற்குள் பிலோமி அவள் முழங்காலில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டாள்.

காலைப் பிடிக்க வந்த பூமயிலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. "அடியாத்தி, இந்தப் புள்ளையா அம்புட்டு ரகளை பண்ணுச்சு?" என்று கன்னத்தில் கை வைத்தாள்.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு அந்த வயிற்றெரிச்சல்.

அதன் பிறகு எல்லாவற்றுக்கும் அத்தைதான். சோறு ஊட்ட அத்தை, முகம் கழுவ அத்தை, முள் குத்தினால் அத்தை. காலையில் எழுந்ததும் பிள்ளை கண்ணைக்கூடத் திறக்காமல் அவள் பாயைத் தேடிப் போகும். நான் ரோசலினிடம் குற்றம் கண்டுபிடிக்க எவ்வளவோ முயன்றேன். குழம்பில் உப்பு அதிகம் போடுவாளோ என்று பார்த்தேன், அளவாகத்தான் போட்டாள். அண்ணனிடம் என்னைப் பற்றிக் கோள் சொல்வாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன், சொல்லவில்லை. பிள்ளை அவள் மடிக்குப் போனால், "அம்மாட்டப் போ ராசாத்தி" என்று என் பக்கம் திருப்பிவிடுவாள். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. என் பிள்ளையை எனக்குப் பிச்சை போட இவள் யார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் முதல் பூசைக்குப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் நானே முடித்துக் காட்டிவிடுவது என்று தேங்காய்ப்பால் பிழிந்தேன், தலையை நனைத்தேன், நாலாகவும் பிரித்தேன். அவள் கை செய்வதையெல்லாம் அத்தனை நாளாக நான் திருடி மாதிரி ஒளிந்து பார்த்து வைத்திருந்தேனே. ஆனால் என் கைக்கு அவசரம். பூசை முடிந்து அவள் வந்துவிடுவாளே என்று முதல் சிக்கிலேயே இழுத்துவிட்டேன். பிலோமி இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, "அத்த! அத்த!" என்று அலறினாள். பால் சட்டி கவிழ்ந்து தரையெல்லாம் ஓடியது. அந்த நேரம் பார்த்து ரோசலின் உள்ளே வந்தாள். துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்த மார்க்கஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"ரோசலின் போறப்ப புள்ளையும் கூடப் போகட்டுமே. ரெண்டு வருஷம் இருந்துட்டு வரட்டும். அவ கேக்குறா."

"பெத்தவ நான் செத்தா போயிட்டேன்?"

"அதுக்கில்ல. அங்க எல்லாருக்கும் இதே தலை. இங்கன வாற போறவன் எல்லாம் காப்பிரி காப்பிரின்னு புள்ள தலையத் தொட்டுப் பாத்துட்டு ஓடுறான். நீயும் தலை சீவுறதுக்குக்கூட அடிக்கிற."

கடைசியாகச் சொன்னது சுட்டது. சூடுபட்ட வாய்க்குப் பொய் சட்டென்று வரும். ரோசலின் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன்.

"புள்ளைய எங்கயும் அனுப்ப முடியாது. அந்தோணியாருக்கு நேர்ச்சை கெடக்கு. அம்மை போட்டப்ப நேர்ந்தேன், எறங்குனா முடி எடுக்குறேன்னு. சாமி கடனை வச்சுக்கிட்டுக் கடல் தாண்டக் கூடாது."

நான் எதையும் நேரவில்லை. அம்மை போட்டிருந்தபோது அழுதேனே தவிர எந்தப் புனிதர் பெயரும் வாயில் வரவில்லை. ஆனால் நேர்ச்சை என்று சொல்லிவிட்டால் எங்கள் கடற்கரையில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். முடி போய்விட்டால் அவளுடைய விரலுக்கு என் வீட்டில் வேலை இருக்காது, பிள்ளை தானாக என்னிடம் திரும்பும். இதுதான் என் கணக்கு. ரோசலின் என்னை ஒரு தரம் பார்த்தாள். "எப்ப மச்சாள்?" என்று மட்டும் கேட்டாள்.

"வாற செவ்வாக்கெழமை."

செவ்வாய்க்கிழமை விடியும்போதே அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பின்னலையெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். நனைத்தாள், பால் தடவினாள், சிக்கெடுத்தாள்.

"வழிச்சுப் போடப் போற முடிக்கு இம்புட்டு எதுக்கு?" என்றேன்.

"சாமிக்குப் போற முடி மச்சாள். சிக்கோடயா குடுக்கிறது?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பொய் என்று ஆகிவிடுமே.

கோயில் பக்கத்து வேப்பமரத்தடியில் முடி இறக்குகிற நாகநாதன் கத்தியைத் தீட்டினார். பெற்றவள் மடியில்தான் வைக்க வேண்டும் என்று பிள்ளையை நான் வாங்கிக்கொண்டேன். கத்தி பட்டதும் பிலோமி திமிறினாள். நான் இறுக்கிப் பிடித்தேன். அவள் கை இரண்டும் எதிரே நின்ற ரோசலினைப் பார்த்துத்தான் நீண்டன. சுருள் சுருளாக முடி என் மடியில் விழுந்தது. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பிலோமி எழுந்து வந்தாள். மொட்டைத் தலையோடு நேரே போய், ரோசலினுக்கு முதுகைக் காட்டி, அவளுடைய இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வழக்கம்போல் உட்கார்ந்தாள். ரோசலின் ஒரு கணம் விழித்தாள். பிறகு உள்ளங்கையில் எண்ணெயை விட்டு, அந்தச் சந்தனம் பூசிய மொட்டையில் தடவினாள். பத்து விரலும் முடி இருப்பது போலவே பிரித்தன, சிக்கெடுத்தன, பின்னின. பாட்டும் உண்டு. பிலோமி கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் சாய்ந்தாள்.

கையில் மீனோடு நின்றேன். பிள்ளை முடிக்காக அவளிடம் போகவில்லை. நான் வழித்துப் போட்டது வெறும் முடியைத்தான்.

கையைக் கழுவாமலே அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். "நேர்ச்சை இல்ல ரோசலின். பொய்" என்றேன்.

"தெரியும் மச்சாள்."

"தெரியுமா? தெரிஞ்சா ஏன் உங்க அண்ணங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா அண்ணன் கேப்பார். நீங்க இல்லைன்னு சாதிப்பீங்க. பிள்ளை தலையில கைய வச்சுச் சத்தியம் பண்ணுன்னு சொல்லுவார். நீங்க இருந்த ஆத்திரத்துல பண்ணியிருப்பீங்க." அவள் பிலோமியின் காதுக்குப் பின்னால் எண்ணெயைத் துடைத்தாள். "முடி போனா வளரும். பொய்ச் சத்தியம் பிள்ளை தலையில விழுந்தா?"

நான் செய்திருப்பேன். அது எனக்குத் தெரியும். அந்தத் தலையைச் சிக்கிலிருந்து மட்டுமல்ல, என் கையிலிருந்தும் அவள்தான் காப்பாற்றியிருக்கிறாள். என் வாழ்க்கையில் அந்த இடத்தில் தோற்றதைப் போல நான் எங்கும் தோற்றதில்லை.

"நீயே கூட்டிட்டுப் போ" என்றேன். வேண்டாம் என்று சொல்லேன், சொல்லித் தொலையேன் என்று அவள் முகத்தையே பார்த்தேன்.

ரோசலினின் கை பிள்ளையின் தலையில் அப்படியே நின்றுபோயிற்று.

"வேணாம் மச்சாள்" என்றாள் கடைசியில். "ரெண்டு வருஷம்னு அண்ணனிட்டச் சொன்னேன். அதுவும் பொய்தான். கொண்டுபோனா நான் திருப்பித் தர மாட்டேன்."

அப்போதுதான் முதல் தடவையாக அவள் கண்ணைச் சரியாகப் பார்த்தேன். மூன்று மாதமாக விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அந்தக் கண்ணில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த சரக்குதான். அவளும் என்னைப் பார்த்து எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அடுத்த வாரம் தனுஷ்கோடித் துறையில் அவளைக் கப்பல் ஏற்றினோம். மார்க்கஸும் அதே கப்பலில் வேலைக்குப் போனார். பிலோமியை அவள் கழுத்திலிருந்து நான்தான் பிரித்து எடுத்தேன். ஒவ்வொரு விரலாக விடுவிக்க வேண்டியிருந்தது. பிள்ளை என் தோளில் அடித்தாள், கடித்தாள். ரோசலின் திரும்பிப் பார்க்காமல் பலகையில் ஏறிப் போனாள்.

பாம்பனுக்குத் திரும்புகிற ரயிலில் எதிர் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு ஜன்னலையே பார்த்தாள் பிலோமி. நான் கூப்பிடவில்லை. கையை நீட்டினால் தலையைப் பொத்திக்கொள்வாளோ என்று பயமாக இருந்தது. இராமேஸ்வரம் பக்கம் வரும்போது அழுது அழுது ஓய்ந்து தூக்கம் சொக்கியது. பெட்டியை ஒரு சுற்றுப் பார்த்தாள். தெரிந்த முகம் என்னுடையது ஒன்றுதான். பலகையை விட்டு இறங்கி, தள்ளாடி வந்து, என் முழங்காலில் கன்னத்தை வைத்தாள்.

வேறு ஆள் இல்லை என்றுதான் வந்தாள். எனக்குத் தெரியாதா? கையை இரண்டு பக்கமும் பலகையில் ஊன்றிக்கொண்டு, அந்தத் தலையைத் தொடாமல், பாம்பன் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.