நூற்றுப் பத்து

கொளஞ்சியம்மாள் நேற்று மத்தியானத்திலிருந்து பட்டினி. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்க்கும் நாள். மாதம் முழுக்க வெல்ல டீயும் மரவள்ளிக் கிழங்கும். பார்க்கிற நாளுக்கு முந்தின நாள் மட்டும் விரதம், மாத்திரை எல்லாம். டாக்டர் தனுஷா, "சூப்பர்மா, நூத்திப்பத்துதான்" என்று முதுகில் தட்டுவாளே, அந்த ஒரு தட்டுக்காக.

மகள் அபிநயாவுக்கு வயிறு எரியும். அவளும் தனுஷாவும் எலவனாசூர்கோட்டைப் பள்ளியில் ஒரே பெஞ்சு. உயிரியலில் இவள்தான் முதல். தனுஷாவை அவள் அப்பா சென்னையில் ஒரு வருஷம் டாக்டர் சீட்டுக்கான கோச்சிங்கில் வைத்துப் படிக்கவைத்தார். அபிநயாவின் அப்பா, கரும்பு வெட்டு முடிந்து காசு வரட்டும் என்றார். கடைசியில் இவளுக்கு வாய்த்தது ஒரு விலங்கியல் பட்டமும், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று தாலுகா ஆபீசில் கொடுத்த சான்றிதழும். வீட்டில் இவள் வாங்கிவைத்த மிஷின் முன்னூறு காட்டினால் அம்மா விரலைப் பிடுங்கிக்கொள்வாள். "உன் பொம்ம மிஷினுக்கு இன்னாடி தெரியும்? டாக்டரு பாப்பாவே நல்லாருக்குதுன்னு சொல்லிச்சி."

கால் பெருவிரலில் புண் வந்தது கார்த்திகையில். இப்போது மாசி. மஞ்சள் பற்றுக்கு அடியில் விரல் கறுத்துக்கொண்டே வந்தது. அம்மா அதைப் புடவைக் கொசுவத்தில் மறைத்துக்கொண்டு போய்வருவாள். அபிநயா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரிய டாக்டர்தானே, அவளே கண்டுபிடிக்கட்டும். தனுஷா மாதாமாதம் ஏமாறுவது இவளுக்கு இனித்தது.

இன்று காலை புண்ணிலிருந்து வாடை வந்தது. அபிநயாவும் அம்மாவோடு கிளம்பிப் போனாள்.

"நூத்திப்பன்னெண்டு. சூப்பர்மா," என்றாள் தனுஷா.

"பொய்யி," என்றாள் அபிநயா. "நேத்துலருந்து சாப்புடல. வூட்டுல முன்னூறுக்குக் கொறையறதே இல்ல. கால காட்டுமா."

அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் வெட்டிப்போட்டிருப்பாள். "இவளுக்குப் பொறாம பாப்பா. நீ டாக்டராயிட்டன்னு எதையாவது சொல்லிக்கினே இருப்பா."

தனுஷா குனிந்து கொசுவத்தை விலக்கி, அந்தக் காலைத் தன் மடியிலேயே தூக்கிவைத்துக்கொண்டாள். முகம் செத்துப்போனது.

"நானும் நம்பரத்தான் பாத்தேன். ஒரு நாளாவது காலப் பாத்திருக்கணும்," என்றாள். "இன்னைக்கே கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போவணும். வெரலு தங்குமான்னு அவங்கதான் சொல்லணும்." பிறகு மெதுவாக, "உனக்கு எப்பலருந்து தெரியும் அபி?"

"கார்த்திகையிலருந்து."

ஏன் சொல்லவில்லை என்று தனுஷா கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஆம்புலன்ஸ் வர அரைமணி ஆகும் என்றார்கள். விடியலில் எழுந்து அவித்த இட்லி டப்பாவைத் திறந்து அபிநயா நீட்டினாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கை கழுவிவிட்டு வந்த தனுஷா டப்பாவை வாங்கி ஒரு துண்டு பிட்டு நீட்டியதும், அம்மா குழந்தை மாதிரி வாயைத் திறந்தாள்.

"இட்லி பூவாட்டம் இருக்குது பாப்பா," என்றாள், தனுஷாவைப் பார்த்து.

டப்பாவின் மூடி மட்டும் அபிநயாவின் கையில் இருந்தது. அதன் உள்பக்கம் வேர்த்து, ஒவ்வொரு சொட்டாக அவள் மணிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.