டிசா கரையில் வாத்து தேடியவர்கள்

மாரடைப்பு வந்து மூன்றாம் வாரம், டாக்டரம்மா எக்கோ திரையை எங்கள் பக்கம் திருப்பினார். என் கணவர் ராதிவோயின் இதயம் அதில் துடித்துக்கொண்டிருந்தது. முப்பத்தொரு வருஷமாக அந்த நெஞ்சில் தலைவைத்துத் தூங்குகிறேன். உள்ளே ஒன்று இப்படி ஓய்வே இல்லாமல் உழைக்கிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. 

"இந்தப் பக்கம் சரியா அசையல பாருங்க. கொழுப்பைக் குறைங்க, தினம் அரைமணி நடங்க. இன்னொரு அட்டாக்கை இது தாங்காது."

வீட்டுக்கு வந்ததும், ரொட்டியில் தடவுகிற பன்றிக்கொழுப்பு அத்தனையையும் சோப்பாகக் காய்ச்சிவிட்டேன். இவர் முனகிக்கொண்டே பீன்ஸ் சூப் குடித்தார். நடையில்தான் வம்பு. டிசா ஆற்றோரத்து எங்கள் ஊரில் வேலையில்லாமல் எவனும் நடக்கமாட்டான்.

நடக்க ஆரம்பித்த மூன்றாம் நாளே பக்கத்து வீட்டு மிலுதின் இவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னண்ணே, ஆத்தங்கரையில என்ன தேடுறீங்க?"

உயிரா மானமா என்றால் என் வீட்டுக்காரருக்கு மானம்தான். "வாத்து ஒண்ணு தொலைஞ்சுபோச்சுப்பா" என்றார்.

மறுநாள் காலை மிலுதினும் தேடக் கிளம்பிவிட்டார். அடுத்த வாரம் எட்டுப் பேர். எல்லாம் தொப்பைக்காரர்கள். பனியில் மூச்சிரைக்க நாணலை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். இரண்டு மாதம்! இவருக்கு முகம் தெளிந்துவிட்டது. எனக்குத்தான் குற்றவுணர்ச்சி தாங்கவில்லை. ஒருநாள் நானும் கரைமேட்டில் ஏறி அவர்களிடம் போனேன்.

"மிலுதின், மன்னிச்சுக்கப்பா. வாத்தெல்லாம் ஒண்ணும் தொலையல. இந்த மனுஷன் வெக்கப்பட்டு அளந்த கதை."

"அது மொத நாளே தெரியும் அண்ணி. நீங்க என்னிக்கு வாத்து வளத்தீங்க?"

"அப்புறம் ஏன்யா இந்தக் குளிர்ல வந்தீங்க?"

"அண்ணன் தனியா நடந்து எங்கயாச்சும் சாஞ்சுட்டா?" என்று கரைக்குக் கீழே கைகாட்டினார்.

அங்கே அவருடைய டிராக்டர் ஆஸ்பத்திரிப் பக்கம் பார்த்து நின்றது. டிரெய்லரில் மெத்தை, மேலே இரண்டு கம்பளி. இவர்களையா இத்தனை வருஷம் வம்புக்கார ஜனம் என்று திட்டினேன்? எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. குளிரில் திரும்பக் கிளம்பாமல் போய்விடுமோ என்று, இவர் வீடு திரும்பும்வரை ஒருநாளும் அதை அணைத்ததில்லையாம்.