லெரும்பாய்

எங்கள் பெத்தோங் பள்ளியில் மலாய் என்றால் ஜுலாய்ஹி சார்தான். அதை யாரும் மறக்க அவர் விடுவதுமில்லை. ஆங்கிலப் பாடம் எடுக்கும் என்னைக் கண்டாலே, “என்ன டீச்சர், அம்மாகிட்டயாவது மலாய்ல பேசுறீங்களா?” என்று குத்துவார். நானும் மலாய்க்காரிதானே! பல்லைக் கடித்துக்கொண்டு போவேன்.

அவர் மனைவி ரொஸ்மிசா மாநிலத் தலைநகர் கூச்சிங்கில் மொழி ஆராய்ச்சி செய்கிறாள். ஒருவருக்கு மலாய் எவ்வளவு தெரியும் என்று அளக்க ஒரு தேர்வு தயாரித்து, எங்கள் ஐந்தாம் படிவ வகுப்பில் நடத்திப் பார்க்க வந்தாள். திரையில் ஒவ்வொரு சொல்லாக வரும். தெரிந்த சொல் என்றால் ‘ஆம்’, இல்லாவிட்டால் ‘இல்லை’. நடுநடுவே அவளே சமைத்த பொய்ச் சொற்களும் வரும், புளுகுகிறவர்களைப் பிடிக்க.

“தெரியாததைத் தெரியும்னு அழுத்தினா மார்க் குறையும், பிள்ளைங்களா” என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

அப்போது சார் கேன்டீனில் மீ கொலோ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனைவியின் வேலை என்னவென்று வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை போல. வாயைத் துடைத்தபடி வந்தவர், “முதல் மார்க் வாங்குறவங்கதான் கூச்சிங் மலாய்ப் பேச்சுப் போட்டிக்குப் போறாங்க. நானும் உட்கார்றேன். எவன் என்னை முந்துறான்னு பார்ப்போம்!” என்றார். ஆழம் தெரியாமல் காலை விட்டார் மனுஷன்.

முடிவு சுவரில் பெரிதாக விழுந்தது. முதலிடம் லீஜா. இபான் பழங்குடிப் பெண், விடுதியில் தங்கிப் படிப்பவள், மலாயைப் பள்ளிக்கூடத்தில் கற்றவள். அந்தப் போட்டிக்காகக் குளியலறையில் நின்று பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போனவள். ஒரே ஒரு சொல் வித்தியாசத்தில் ஹைக்கல் இரண்டாமிடம். சார் எட்டாவது.

“சார், உங்களுக்கு டியூஷன் வைக்கவா?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

சார் முகம் கறுத்துவிட்டது. லீஜாவின் விடைகளைத் திரையில் வரவழைத்துத் துருவித் துருவிப் பார்த்தார். “இதென்ன, லெரும்பாய்க்கு ‘இல்லை’ன்னு போட்டிருக்கே? முக்காட்டு ஓரத்துல தொங்குமே குஞ்சம், அதும்மா! ‘லெரும்பாய் தரையில இழுபடுது பாரு’ன்னு எங்கம்மா தினம் சொல்வாங்க. வீட்டுல இபான் பேசினா இதெல்லாம் எங்கேருந்து வரும்?”

ரொஸ்மிசாவின் காது சிவந்தது. அது அவள் சமைத்த பொய்ச் சொல் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அட பாவி மனுஷா, செத்துப்போன அம்மாவையுமா சாட்சிக்கு இழுப்பாய்! சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“என்ன மிசா, அப்படி ஒரு சொல் இருக்குல்ல?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கணவரைப் பார்த்தாள். அவர் நெற்றியெல்லாம் வியர்வை.

“இருக்கு” என்றாள். “சில ஊர்ல சொல்லுவாங்க.”

என் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

“பாத்தியா! ஹைக்கல் ‘ஆம்’னு சரியா அழுத்தியிருக்கான். அப்போ அவன்தான் கூச்சிங் போறான்.”

பையன்கள் கைதட்டினார்கள். லீஜா எழுந்து நின்று, “மன்னிச்சிருங்க சார், எனக்குத் தெரியல” என்றாள். சொன்ன உண்மைக்கு மன்னிப்பு! ஆனாலும் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நாம் ஏன் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

மணி அடித்தது. மற்ற பிள்ளைகள் போன பிறகு லீஜா மட்டும் பேனாவோடு ரொஸ்மிசாவிடம் வந்தாள். கண்கள் கலங்கியிருந்தாலும் அழவில்லை.

“டீச்சர், லெரும்பாய்க்கு எழுத்து சொல்றீங்களா? இனிமே தப்பு விடக் கூடாது.”

“எல்…” என்றாள் ரொஸ்மிசா. “ஈ… ஆர்…”

லீஜா உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்து மனைவியின் தடுமாற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்த சார் சட்டென்று எழுந்தார்.

“எழுதாதேம்மா.” அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதேயில்லை. “அப்படி ஒரு சொல்லே இல்ல. எங்கம்மா சொன்னதும் இல்ல. எட்டாவதா வந்த அவமானத்துல புளுகிட்டேன். கூச்சிங்குக்கு நீதான் போறே. நாளைக்கு வகுப்புலயும் நானே சொல்லிடுறேன்.”

அந்தப் பெண் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் சாரைப் பார்க்கவே இல்லை. ரொஸ்மிசாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது பொய்ச் சொல்லுன்னு சாருக்குத் தெரியாது, ஏதோ சொல்லிட்டார். அந்தச் சொல்லைச் செஞ்சதே நீங்கதானே டீச்சர்? நீங்க ஏன் இருக்குன்னு சொன்னீங்க?”

ரொஸ்மிசா தலை குனிந்துகொண்டாள். அடுத்து லீஜா என் பக்கம் திரும்பிவிடுவாளோ என்று நானும் குனிந்துகொண்டேன்.