தேயாத நாலு டயர்

தெருவில் எல்லாரும் அவரைக் கிலோமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். செருப்பு வாங்கப் போனாலும் "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்று கேட்கிற மனிதர். மகளைப் பெண் கேட்டு வந்த டாக்சிக்காரனிடம் அவர் கேட்ட முதல் கேள்வியே, "வண்டி எவ்வளவு ஓடியிருக்கு?" என்பதுதான். வாழ்நாள் முழுக்க வெயில் காய்ந்த நெடுஞ்சாலைகளில் லாரி ஓட்டியவர். டயர் விஷயத்தில் அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். டயரின் மேலே புடைத்திருக்கும் ரப்பர் பட்டனில் கட்டைவிரல் நகத்தை அழுத்துவார். நகம் இறங்கினால் அது குப்பை. நகம் மடங்கினால் தங்கம்.

இப்போது மகளோடு டயர் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எதிரே மருமகனின் டாக்சியை ஜாக்கி போட்டுத் தூக்கியிருந்தார்கள். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு மட்டும் புதிது. இந்த வருஷம் மழை பிடித்த முதல் வாரம், மலைச்சாலை வளைவில் வண்டி வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கமாகப் பாறையில் மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே மருமகனின் உயிர் போய்விட்டது. இனிமேல் வண்டியை மகள்தான் ஓட்டப்போகிறாள். அதே மலைச்சாலையில்தான் சவாரி. வேறு வழி இருந்தால் அவள் ஏன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கப்போகிறாள்!

காலையிலிருந்து தூறல். உள்ளே வரும்போது கடை வாசலின் சிமெண்டுச் சரிவில் அவள் பிரேக் போட்டும் வண்டி ஒரு முழம் வழுக்கித்தான் நின்றது. "எனக்கு இன்னும் கை வரலப்பா" என்று அவள் அசடு வழிந்தாள். கிலோமீட்டர் திரும்பி, டயர் இழுத்த தடத்தைப் பார்த்தார்.

கடைக்காரர் நாலு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"காளை கம்பெனி டயர்னா சும்மாவா! பட்டன் அப்படியே நிக்குது. இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓடும். வேற கம்பெனி வேணும்னா பருந்து இருக்கு. மழையில நல்லாப் புடிச்சு நிக்கும், ஆனா ரப்பர் மெத்து, சீக்கிரம் தேஞ்சுடும், விலையும் ஜாஸ்தி. நிலா இருக்கு, விலை கம்மி, எல்லாத்துலயும் சுமார். நான் வியாபாரி, விக்கத்தான் பாக்கணும். இந்த டயரைக் கழட்ட எனக்கே மனசு வரலம்மா."

"போலீஸ்காரரும் இதத்தான் சொன்னாரு" என்றாள் மகள். "டயர்ல ஒரு குறையும் இல்ல, உன் புருஷன்தான் கண்ணுமண்ணு தெரியாம ஓட்டியிருப்பான்னாரு. அப்படி என்ன அவசரம் அந்த மனுஷனுக்கு? என்னையும் புள்ளையும் நெனச்சாரா?"

கிலோமீட்டருக்கு உடம்பு கூசியது. தெருவில் கோழி குறுக்கே வந்தால்கூட வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறவன் அவன்.

போன வருஷம் மருமகனையும் சேர்த்து மூன்று பேரும் இதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். "மாமா, மலையில முக்காவாசி நாள் ஈரம். பருந்து போட்டுக்கலாமா?" என்று மருமகன் தயங்கித் தயங்கிக் கேட்டான். இவர் பருந்து டயரில் நகத்தை அழுத்திக் காட்டினார். "இறங்குது பாருங்க மாப்பிள்ளை. இதுக்குப் பேரு டயரா? அழிரப்பர்!" கடையே சிரித்தது. முகம் சிவந்துபோன மருமகனும் கூடச் சிரித்துவைத்தான். காளைதான் போட்டார்கள். முதல் மழை பெய்ததும் வீட்டுக்கு வந்து, "பிரேக் போட்டா வண்டி இழுத்துட்டுப் போகுது மாமா" என்றான். "புது டயர், போகப் போகப் பழகிடும்" என்று டீயைக் கொடுத்து அனுப்பிவைத்தார். பெரிய மேதாவி!

பருந்து போட்டிருந்தால் மட்டும் பிழைத்திருப்பானா? யார் கண்டது. அந்த 'யார் கண்டது' ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் இத்தனை நாளும் சோறு தின்றார், தூங்கினார். போலீஸ்காரர் டயரில் குறை இல்லை என்றபோது, சொல்லவே வெட்கம், உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது.

"நீங்க சொல்லுங்கப்பா. இதையே வெச்சுக்கவா?" என்றாள் மகள். "நீங்க சொன்னா சரி."

போன வருஷமும் அவள் இதையேதான் சொன்னாள். அவர் எழுந்து போய்ப் பழக்க தோஷத்தில் பட்டனில் நகத்தை அழுத்தினார். நகம் மடங்கியது.

"கழட்டச் சொல்லும்மா."

"ஏம்பா? தேயவே இல்லியே."

"தேயாது. கெட்டி ரப்பர். அதனாலதான் ஈரத்துல நிக்கவும் மாட்டேங்குது." "மாப்பிள்ளை வேகமா ஓட்டலம்மா. வண்டி இழுக்குதுன்னு எங்கிட்ட வந்து சொன்னாரு. நான்தான் பழகிடும்னு சொல்லி அனுப்பிட்டேன்."

கடைக்காரர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தார். மகள் கத்துவாள், சட்டையைப் பிடித்து உலுக்குவாள் என்று அவர் காத்திருந்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கிட்டயும் சொன்னாரு" என்றாள் அவள். "எங்கப்பாவ விட உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன். அப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கல."

கொஞ்ச நேரம் புதுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடைக்காரரிடம் திரும்பினாள்.

"பருந்து போடுங்கண்ணே. நாலும்."

போட்டு முடித்ததும் அவள் ஏறி உட்கார்ந்தாள். அவர் மறுபக்கம் போய்க் கதவில் கை வைத்தார்.

"நீங்க பஸ்ல வாங்கப்பா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

வண்டி மெல்ல வெளியே போய், தெருவில் திரும்பி, மறுபடியும் கடையைப் பார்த்து வந்தது. எதையோ மறந்துவிட்டாள் போல என்று அவர் நினைத்தார். ஈரச் சரிவில் வந்ததும் அவள் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். வண்டி மிதித்த இடத்திலேயே நின்றது. பின்னால் எடுத்தாள், மறுபடி வந்தாள், மறுபடி மிதித்தாள். ஒரு விரல்கூட நகரவில்லை.

ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். கிலோமீட்டர் கழற்றிப் போட்ட டயர்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அவள் தலையைத் தொட வேண்டும் போல இருந்தது. கால் எழவில்லை.